கல்லங்குறிச்சி ரோட்டுப் பியானோ

மணி சரியாகப் பன்னிரண்டு. உச்சி வெயில். அரியலூரைத் தாண்டி கல்லங்குறிச்சி போகிற ரோட்டில் ஈ காக்கை இல்லை. சிமென்ட் லாரி கிளப்பிவிட்டுப் போன வெள்ளைப் புழுதி மட்டும் அப்படியே நின்றது... பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? கிட்ட நெருங்கி உட்காருங்கள்.

நம் லோடு ஆட்டோ சக்தியின் அண்ணி அம்சவள்ளிக்கு நடந்தது இது. பெரம்பலூரில் ஒரே அறை வீடு, தையல் வேலை. புருஷன் பைக்கில் அடிபட்டுச் செத்ததைக் கண்ணால் பார்த்த மகள் தமிழ்மொழி, ஒன்பது வயது, அன்றைக்கு மூடிய வாயைத் திறக்கவில்லை. எட்டு மாதம்... ஒரு சொல் இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், தர்கா, எதுவும் பாக்கியில்லை. திருச்சியில் ஒரு டாக்டர் வீட்டுக் கூடத்தில் பியானோ இருந்தது. தமிழ்மொழி அதை விரலால் அழுத்தி, கூடவே "ஆ..." என்றாள். அவ்வளவுதான். கீபோர்டு வாங்கிக் கொடுத்தார்கள். தொடவே இல்லை. பழைய பியானோ ஒன்று கிடைக்காதா என்று அம்சவள்ளி பித்துப் பிடித்தவள் போல அலைந்தாள்.

விசாரித்து விசாரித்துத்தான் அந்த உச்சி வெயிலில் மகளோடு அந்த ரோட்டு வீட்டுக்கு வந்தாள். சுந்தராம்பாள் என்ற வயதான அம்மாள் கதவைத் திறந்தாள். உள்ளே இரண்டு பியானோ. அவற்றிலிருந்து குப்பென்று அந்துருண்டை வாசம். அம்சவள்ளி தையல் டேப்பை எடுத்து அளந்தாள். பெரியது ஐந்தடி. அவள் வீட்டில் கட்டிலுக்கும் மிஷினுக்கும் நடுவே நாலரை அடிதான். சின்னது நாலே கால்.

"சின்னது போதுங்க."

அந்த அம்மாளின் முகம் மாறியது. "அதுல ஒரு கட்டை பேசாதும்மா. பெருசையே எடுத்துக்க."

"வூட்டுல எடமில்லீங்க."

அதற்குள் தமிழ்மொழி நேராகப் போய், எத்தனையோ கட்டையிருக்க, அந்தக் கட்டையிலேயே விரலை வைத்தாள். இசை இல்லை. டொக்... வெறும் மரச்சத்தம். தலையைச் சாய்த்துக் கேட்டாள். சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. எந்தத் தாய் யோசிப்பாள்?

வீட்டில் இறக்கினார்கள். நாள் முழுக்க அந்த ஒரே கட்டை. டொக்... டொக்... டொக். மரத்தில் காதை வைத்து, யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி. பதினோராம் நாள் சாயங்காலம் சத்தம் நின்றது. அம்சவள்ளி மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"பசிக்குதுங்க."

தெளிவான குரல். அள்ளிக்கொண்டு அழுதாள். தெருவே கூடிவிட்டது. சோறு ஊட்டும்போதுதான் உறைத்தது. 'ங்க'வா? பெற்றவளிடமா? 'வாம்மா, போம்மா' என்று வாய் ஓயாமல் பேசிய பிள்ளை ஆயிற்றே.

"அம்மான்னு கூப்புடுடி, கண்ணு."

குழந்தை இமைக்காமல் பார்த்தது. "போதுங்க. தண்ணி குடுங்க."

மறுநாள் பியானோவில் அந்துருண்டை வாசம் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் வாசம்... மகளுக்குத் தினமும் தேய்த்துவிடுகிற எண்ணெய். ஓடிப்போய் மகளின் தலையை மோந்தாள்.

அந்துருண்டை.

"தம்பி, இதத் தூக்கிட்டுப் போயிடு. இப்பவே வா," என்று சக்திக்குப் போன் போட்டாள். ஆட்டோ வந்தது. கயிறு கட்டியாயிற்று. குழந்தை வாசலில் நின்று மெதுவாகக் கேட்டது.

"இத அனுப்பிட்டா ஒங்க பொண்ணு எங்கங்க இருப்பா?"

கயிற்றை அம்சவள்ளியே அவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் கட்டிலில் படுக்கவில்லை. பியானோ ஓரமாகப் பாய் போட்டு, மரத்தோடு முகத்தை ஒட்டி ஏதேதோ பேசிக்கொண்டே கிடந்தாள். தையலையும் விட்டுவிட்டாள்.

போன வாரம் சக்தி சாப்பாடு வாங்கிக்கொண்டு போனான். "அண்ணி..." என்று கூப்பிட்டான். கதவு கொஞ்சமாகத் திறந்தது. குழந்தை உதட்டில் விரல் வைத்தது.

"சத்தம் போடாதீங்க... ரெண்டு பேரும் இப்பதான் தூங்குனாங்க."

அவன் அதன் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

பாய் காலியாகக் கிடந்தது.