மூன்று சுற்று டேப்

எனக்குக் கண் நன்றாகத் தெரியும் ஐயா. இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் தம்பியும் சேர்ந்து பவர் சப்ளை செய்து விற்கிறோம். ஃப்ளைபேக் வகை. அதற்கு உயிரே டிரான்ஸ்ஃபார்மர்தான். வீட்டுக் கரண்டை மடக்கு மடக்காக வாங்கி, அடக்கி வைத்து, மறுபக்கம் பன்னிரண்டு வோல்ட்டாகத் துப்பும். இரண்டு பக்கத்துக் கம்பிக்கும் நடுவே மஞ்சள் டேப் மூன்று சுற்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்றைக்காவது அந்தப் பக்கக் கரண்டு இந்தப் பக்கம் பாயும். டிரான்ஸ்ஃபார்மரை வெளியில் சுற்றிக் கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை. ஒவ்வொன்றையும் ஓரத்தில் நகத்தால் நெருடி, சுற்றை எண்ணித் தேர்ந்தெடுப்பேன். அது என் வேலை. நான் நாலாவது வரை போனவன். தம்பி படித்தவன், பேசுகிறவன்.

வாங்க வருகிறவர்கள் முன்னால் ஒரு கையை இரும்பு மேசையில் ஊன்றிக்கொள்வான். மறு கையால் சப்ளையில் பன்னிரண்டு வோல்ட் வருகிற வெளிக்கம்பியை வெறுமனே பிடித்துக் காட்டுவான்.

“பயப்படாதீங்க. அந்தப் பக்கம் கரண்டு, இந்தப் பக்கம் நானு. நடுவுல எங்கண்ணன் நிக்கிறாரு.”

எல்லோரும் சிரிப்பார்கள், அவனைப் பார்த்து. நடுவில் நிற்கிறவனை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி என்னிடம் பேசினால் கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, அவ்வளவுதான். அவன் வந்தால் வாய் கொள்ளாத சிரிப்பு. “தம்பி வந்தாதான் இந்த வீட்டுல மனுஷங்க இருக்கிற மாதிரி இருக்கு” என்பாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் ஒரு மீட்டர் வாங்கி வந்தான்.

“அண்ணே, நல்லது கெட்டதை இனி இதுவே சொல்லிடும். நீங்க காலை நீட்டி உக்காருங்க.”

“டேப்பை எண்ணுமா அது?”

“எண்ணாது. ஆனா உங்களை மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்காது.”

சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள்.

ஆட்களுக்குக் காட்டுகிற சப்ளைக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்டான். நான் கழித்துப் போட்டவை ஒரு தகர டப்பாவில் கிடந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்தேன். ஒரே சுற்று டேப். மீட்டரில் வைத்தான், எண்கள் சரியாக வந்தன. இருந்தாலும் கேட்டான்.

“தடவிப் பாத்தீங்களாண்ணே?”

“பாத்தேன்.”

அது பொய்யில்லை.

எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் தாங்கியது. தினமும் கையை ஊன்றினான், கம்பியைப் பிடித்தான், நடுவில் எங்கண்ணன் என்றான். அவன் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் நாள் “நடுவுல” என்றதோடு நின்றுவிட்டது.

நேற்று என் மனைவி இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் அழுதாளாம். “அவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு சார், தெரியாம எடுத்துக் குடுத்துட்டாரு” என்றாளாம். நீங்களும் அப்படியே எழுதிவைத்து, நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். முப்பது வருஷத்தில் நான் ஒன்றைக்கூடத் தவறாக எடுத்ததில்லை. இதையும் பார்த்து, நெருடி, எண்ணித்தான் கொடுத்தேன்.

கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமைப்பட அவனிடம் அப்படி என்ன இருந்தது?