புயல்தோளன் வாசலில் சொன்ன இரண்டு சொற்கள்

என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே கைக்கெட்டும் இடத்தில் மணியை வைத்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே, அச்சடித்தும் மடித்தும் தைத்தும் சுமந்தும் விற்றும் இந்தப் படக்கதைகளை வாழவைத்த தொழில் தோழர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பாடப்புத்தகத்துக்குள் பிள்ளை ஒளித்த படக்கதையைப் பறித்து, அடுப்படியில் நின்றபடியே அதைப் படித்து முடித்த தாய்மார்களே, அப்படிப் பறிகொடுத்து இன்று தலை நரைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்கு இலக்கியம் தெரியாது, எடை தெரியும். பழைய காகிதம் வாங்கி விற்றவன் நான். கப்பலில் வரும் காகித மூட்டையைப் பிரித்தால் உள்ளே அமெரிக்க நாயகர்கள் கசங்கிக் கிடப்பார்கள். பறக்கிறவர், மறைகிறவர், மலையைத் தூக்குகிறவர், எல்லோரும் என் தராசில் ஒரே விலை. ஒருநாள் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். ஒன்றை உருவி எடுத்து, “இது மட்டும் தனியா கிடைக்குமா?” என்றார். அந்த மொழியில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மொழி தெரியாமலே வாங்குகிறவர், தெரிந்தால் எத்தனை வாங்குவார்? அந்தக் கேள்விதான் என் மூலதனம். கடல் தாண்டி எழுதிப்போட்டேன், உரிமை வாங்கினேன், மறுபதிப்புத் தொடங்கினேன். இதைத் தொண்டு என்றார் தலைவர். இல்லை ஐயா, வியாபாரம். தொண்டு பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

மறுபதிப்பு என்றால் என்ன? படம் அவர்களுடையது. பேச்சுக் குமிழியும் அவர்களுடையது. குமிழிக்குள் இருக்கும் எழுத்தை அழித்துவிட்டு நம் எழுத்தை வைக்கவேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் அவர்கள் மொழியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் வசனம், நம் மொழிக்கு வந்தால் கைகால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. குமிழியைப் பெரிதாக்கினால் நாயகனின் முகம் மறையும். எழுத்தைச் சிறிதாக்கினால் எறும்பு ஊரும். அப்படியென்றால் குறையவேண்டியது எது? வசனம்.

யார் குறைப்பது? அங்கேதான் சண்டை. மொழிபெயர்ப்பவர் என் மனைவியின் அண்ணன், இதோ மேடையில் இருக்கிறார். மணி என்ன என்று கேட்டால் கடிகாரத்தின் வரலாறு சொல்லுவார். முறைக்காதீர்கள் மச்சான், ஊரறிந்த செய்திதானே. அவர் எழுதித் தருவதைக் குமிழிக்குள் கையால் எழுதுகிறவர் எங்கள் எழுத்துக்காரம்மா. கையில் தூரிகை, வாயில் கத்தரிக்கோல்.

நம் நாயகன் புயல்தோளனை உங்களுக்குத் தெரியும். அதிகம் பேசாதவன், அளந்து பேசுகிறவன், அடித்த பின்னும் அமைதியாக நிற்கிறவன். அவன் பிறவிக்குணம் அது என்றுதானே நினைத்தீர்கள்? உண்மையைச் சொல்கிறேன். மூலத்தில் அவன் ஓயாமல் பேசுகிறவன். நம் குமிழி போதவில்லை, அதனால் அவன் அடக்கமானவன் ஆனான்.

சிரியுங்கள். ஆனால் அந்த வாசல் காட்சியை நினைத்துக்கொண்டு சிரியுங்கள்.

பாலம் இடிகிறது. எல்லோரையும் காப்பாற்றுகிறான், ஒருவரைத் தவிர. இறந்தவரின் மனைவி கதவைத் திறக்கிறாள். வாசலில் புயல்தோளன். மூலத்தில் அவன் அங்கே பொடி எழுத்தில் ஒரு பிரசங்கமே செய்கிறான். பாலத்தின் பாரம், காற்றின் வேகம், தன் தோளின் வலி, நீதியின் பாதை. கதவு நிலைக்கும் முகத்துக்கும் நடுவே ஒடுங்கிய குமிழி அது.

“அண்ணே, இங்க ரெண்டு சொல்லுதான் நிக்கும்” என்றார் எழுத்துக்காரம்மா, மச்சானிடம்.

“ரெண்டு சொல்லுல துக்கத்தை எப்படிம்மா சொல்றது?”

“துக்கத்துல யாருண்ணே ரெண்டு சொல்லுக்கு மேல பேசறாங்க?”

மச்சான் கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார். வரும்போது அந்த இரண்டு சொல்லோடு வந்தார். என்ன சொல்?

ஆம். இத்தனை குரல் ஒன்றாகச் சொல்கிறீர்களே. “தாமதமாக வந்தேன்.” நானும் உங்களோடு சொல்கிறேன்.

அந்தச் சொல்லுக்குத்தான் ஆபத்து வந்தது. உரிமையைப் புதுப்பிக்கும் நேரம். கடல் கடந்து ஓர் அம்மையார் வந்தார், உரிமை நிறுவனத்தின் அதிகாரி. நம் பதிப்பைத் திரும்ப அவர்கள் மொழிக்கு மாற்றச் சொல்லிப் படித்திருக்கிறார். பாதி வசனத்தைக் காணோம் என்றார். ஒரு வாக்கியமும் விடாமல் போடுங்கள், இல்லையென்றால் உரிமை இல்லை என்றார். என் மகள்தான் இடையில் மொழிபெயர்த்தாள். உரிமை போனால் எந்திரம் நிற்கும். எந்திரம் நின்றால் மடிக்கிறவர், தைக்கிறவர், சுமக்கிறவர், அத்தனை பேர் வீட்டு அடுப்பும் அணையும். நான் வியாபாரி. உடனே தலையாட்டினேன்.

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களா மாப்பிள்ளை? என் எழுத்துக்கு ஒருவழியா விடிஞ்சிருச்சு” என்றார். வெட்டுப்பட்ட தன் வசனம் அத்தனையையும் திரும்பச் சேர்த்தார். எழுத்துக்காரம்மா கண்ணாடியை மாற்றிக்கொண்டு எறும்பு எழுத்தில் எழுதினார். மாதிரிப் பக்கங்கள் தயார். அன்று புத்தகக் கட்டு எடுக்க வந்த விற்பனை முகவர் ஒருவர் வாசல் காட்சியை எட்டிப் பார்த்தார்.

“என்ன முதலாளி, எழவு வீட்டு வாசல்ல நின்னு வக்கீல் மாதிரி வாதாடறாரு?”

நாங்கள் சிரித்துவிட்டோம். மச்சான் சிரிக்கவில்லை. பக்கத்தை எடுத்தார், படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு நேரே அம்மையார் உட்கார்ந்திருந்த அறைக்குப் போனார். வாழ்நாளெல்லாம் அவர் கேட்டது கைக்கு வந்திருக்கிறது. அதை இவர் என்ன செய்யப்போகிறார் என்று நாங்களும் பின்னால் போனோம்.

“பாப்பா, இவங்களை வெளியில நின்னு அவங்க மொழியில இந்த வசனத்தைச் சத்தமாப் படிக்கச் சொல்லு. நான்தான் கதவைத் திறக்கிற அந்தப் பொம்பளை.”

“மாமா, சும்மா இருங்க. உரிமை போயிடும்.”

“சொல்லும்மா.”

அம்மையார் வெளியே நின்று படிக்கத் தொடங்கினார். மச்சான் உள்ளே கதவைப் பிடித்தபடி நின்றார். பாலத்தின் பாரம் வந்தது, கதவு சற்று நகர்ந்தது. காற்றின் வேகம் வந்தது, இன்னும் நகர்ந்தது. நீதிக்கு அவர் வந்து சேரும்போது கதவு சாத்தியிருந்தது. மிச்சத்தை மூடிய பலகையிடம் படித்துவிட்டு அம்மையார் நிறுத்தினார்.

மச்சான் கதவைத் திறந்தார். அவரை உள்ளே நிற்க வைத்தார், கதவை அவர் கையில் கொடுத்தார், தான் வெளியே போனார். தலை குனிந்து நின்றார். எங்கள் வீட்டில் எவரும் கண்டிராத அளவுக்குப் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார், “தாமதமாக வந்தேன்.”

அம்மையார் கதவைச் சாத்தவில்லை.

நம் மொழி அவருக்குத் தெரியாது. “அவ்வளவுதானா?” என்று மகளிடம் கேட்டார். “அவ்வளவுதான்” என்றாள் மகள். கதவின் கைப்பிடியை விடாமலே, ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார் அம்மையார்.

அன்பர்களே, வியாபாரம் அங்கே முடிந்தது. குமிழிக்குள் நம் அளவு, புத்தகத்தின் கடைசியில் மூலத்தின் முழு வசனம். அப்படி ஒப்பந்தம். கடைசிப் பக்கங்களில் மச்சானின் மொழிபெயர்ப்பு ஓர் எழுத்தும் குறையாமல் வந்திருக்கிறது. கூடுதல் காகிதம் என் தலையில். போகட்டும், அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் அது.

மறுபதிப்பைப் போலி என்பவர்கள் உண்டு. எது போலி? படம் கடல் தாண்டி வந்தது, மறுக்கவில்லை. நாயகன் கடல் தாண்டி வந்தான், மறைக்கவில்லை. ஆனால் வாசலில் நிற்கக் கற்றது எங்கே? வார்த்தையை விழுங்கக் கற்றது எங்கே? குற்றத்தைக் காற்றின் மேல் போடாமல் தன் தோளில் ஏற்றக் கற்றது எங்கே? நம் அச்சகத்தின் மை வாசத்தில், நம் எழுத்துக்காரம்மாவின் தூரிகை முனையில், தேநீர் குடித்துத் திரும்பிய ஒரு மனிதரின் கோபத்தில். அதை இறக்குமதி என்று எந்தச் சுங்க அலுவலகம் முத்திரை குத்தும்?

தலைவரின் கை மணிக்கருகே போகிறது. என் குமிழியும் நிறைந்துவிட்டது. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பிள்ளைகளின் புத்தகத்தைப் பறித்தாலும் கிழிக்காத தாய்மார்களுக்கும் நன்றி. அடுத்துப் பேசப்போகிறவர் மச்சான். அருள்கூர்ந்து யாரும் கதவைச் சாத்திவிடாதீர்கள். வணக்கம்.