பச்சைப் பொத்தான்

— ஐயையோ, என்ன சத்தம் இது? ஏன் எல்லாரும் நாற்காலியைத் தள்ளிட்டு ஓடுறாங்க?

— சைரன், எம்.எல்.ஏ. சார். எங்கயோ புல்லு பத்திக்கிச்சு. இந்த ஊர்ல தீயணைக்கிறவங்களும் நாங்கதான், உங்க பேச்சைக் கேக்க வர்றவங்களும் நாங்கதான். என் முட்டி ஒத்துழைக்கல, அதான் உக்காந்திருக்கேன்.

— தீயணைப்பு நிலையத்துல கூட்டம் வெச்சது என் தப்பு, எமில் அண்ணே. சரி, இன்னொரு நாள் வெச்சுக்குவோம்...

— நான் ஓடல, மிஸ்டர் ஸ்ட்ரேக். உக்காருங்க.

— அட, லோரெட்டா! பின் வரிசையில இருந்தீங்களா? கவனிக்கவே இல்லையே.

— கவனிச்சீங்க. ரெண்டு தடவை பாத்தீங்க. ரெண்டு தடவையும் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க.

— அடேங்கப்பா! லோரெட்டா, சண்டைக்கு முன்னாடி அந்தத் தட்டை இப்படி நகத்து. பழம் வெச்ச பன்னு ரெண்டுதான் மிச்சம்.

— மனசைத் தொட்டுச் சொல்றேன் லோரெட்டா, நான் எதையும் ஒளிக்கிற ஆள் இல்ல. தலைநகர்லேர்ந்து நாலு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்ததே, நான் போட்ட ஒவ்வொரு ஓட்டுக்கும் உங்க முன்னாடி விளக்கம் சொல்லத்தான். நிலவரியைக் குறைப்பேன்னு சொன்னேன், குறைச்சாச்சு. துப்பாக்கிக்குப் புதுக் கட்டுப்பாடு வராதுன்னேன், வரல. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க என்ன படிக்குதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியணும்னேன்...

— தண்ணிக் குழாய் மசோதா?

— அதுக்கும் வர்றேன்.

— அதுக்கு மட்டும் வாங்க. மத்ததுக்கெல்லாம் நானே கை தட்டியிருப்பேன். வர்ற வெள்ளிக்கிழமை கவர்னர் கையெழுத்துப் போடுறார். போட்டுட்டா, நான் முடியாதுன்னு சொன்னாலும் குழாய் பதிக்கிற கம்பெனிக்காரன் என் மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கலாம். கிணறு அதுக்குள்ளதான் இருக்கு. கிணறு போனா மாடும் போச்சு, நானும் போக வேண்டியதுதான்.

— எத்தனை ஓட்டுல பாஸ் ஆச்சு அது?

— எழுபத்து நாலுக்கு எழுபத்து மூணு, எமில். ஒரே ஒரு ஓட்டு.

— அடேங்கப்பா! ஏன் சார், எவன் வேலிக்குள்ளயும் அரசாங்கம் கால் வைக்கக் கூடாதுன்னு போர்டு அடிச்சது நீங்கதானே? என் வீட்டு வாசல்ல இன்னும் நிக்குது.

— அரசாங்கம்தான் கால் வைக்கக் கூடாதுன்னேன் அண்ணே. இது தனியார் கம்பெனி. வித்தியாசம் இருக்கு.

— என் மாட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கவர்னருக்கு ஒரு கடிதம் எழுதுங்க. உங்க கட்சி, உங்க சிநேகிதர். கையெழுத்துப் போடாதீங்கன்னு ரெண்டு வரி.

— நான் போட்ட ஓட்டு தப்புன்னு நானே எழுதுறதா? காத்தடிக்கிற பக்கம் சாயுறவன்னு சொல்ல மாட்டாங்களா? அடுத்த தேர்தல்ல எவன் நம்புவான்?

— அப்ப யோசிச்சுத்தான் போட்டீங்க.

— மூணு ராத்திரி தூங்கல, லோரெட்டா. நகரத்துல பிள்ளைங்க தண்ணி இல்லாம தவிக்குது. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் நீங்க.

— போட்ட நேரத்தைச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?

— எப்படின்னா? ஒவ்வொரு மேசையிலயும் பச்சை, சிவப்புன்னு ரெண்டு பொத்தான் இருக்கும். சபாநாயகர் மணி அடிச்சார். சபையே மூச்சு விடல. பச்சை மேல விரலை வெச்சேன். கண்ணை மூடி ஒரு ஜெபம் பண்ணேன். அழுத்தினேன்.

— கேக்கவே நல்லாருக்கு சார். நீங்க சினிமாவுக்கு எழுதலாம்.

— என்னிக்கு அது?

— தேதியா? ஏப்ரல்ல... கூட்டத்தொடர் முடியுற சமயம் பாருங்க, நாளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்.

— தூங்காத மூணு ராத்திரி ஞாபகம் இருக்கு. விடிஞ்ச நாள் ஞாபகம் இல்ல.

— லோரெட்டா, நான் ஒண்ணு கேக்குறேன், குறுக்க பேசாத. சார், ஒருதடவை என் மச்சானோட சேந்து சட்டசபையைப் பாக்க மாடத்துக்குப் போயிருந்தேன். கீழ பாதி நாற்காலி காலி. ஒருத்தர் தன் பொத்தானை அழுத்திட்டு, எட்டிப் பக்கத்து மேசையிலயும் ஒரு அழுத்து அழுத்தினார். சுவத்துல ரெண்டு பச்சை விளக்கு எரிஞ்சுது. ஆளு ஒருத்தர்தான்.

— அது... அது அங்க வழக்கம் அண்ணே. ஒருத்தர் சாப்பிடப் போயிருப்பார், போன் பேசப் போயிருப்பார். பக்கத்து சீட்டுக்காரர் பாத்துக்குவார். ஒரு பாலத்துக்குப் பேர் வைக்கிறது, அந்த மாதிரி சில்லறை விஷயத்துக்கு.

— உங்க பக்கத்து சீட்டு யாரு?

— டாலன் பிரைஸ். தங்கமான மனுஷன்.

— எந்த ஊர்க்காரர்?

— அது எதுக்கு இப்ப?

— இந்தக் குழாய் போய்ச் சேர்ற ஊர்க்காரர். அதானே?

— லோரெட்டா, உங்க மனசு இப்ப சரியில்ல, எனக்குப் புரியுது. ஆனா நீங்க எதுக்கு அடி போடுறீங்கன்னும் புரியுது. இந்த விஷயத்துல என் பொத்தானை இன்னொருத்தன் தொட விடுவேனா?

— விட்டீங்கன்னு நான் சொல்லல. உங்களுக்குத் தெரியாமலே கூட அழுத்தியிருக்கலாம். அதை எழுதிக் குடுங்க, போதும். அந்த ஓட்டு என்னோடது இல்லன்னு ஒரு வரி. கவர்னருக்கு அது ஒண்ணு போதும், திருப்பி அனுப்பிடுவார். நான் பத்திரிகைக்காரன்கிட்ட போக மாட்டேன். எமில் வாயைத் திறக்க மாட்டான்.

— வாயில பன்னு இருக்கு. எப்படித் திறப்பேன்?

— அப்படி எழுதினா என் கதி என்னன்னு யோசிச்சீங்களா? பதினாறு வருஷமா ஒரு நாள் கூட சபைக்கு மட்டம் போடாதவன்னு சொல்லித்தான் ஓட்டு கேட்டிருக்கேன். பொய் எழுதச் சொல்றீங்க.

— நிஜத்தை எழுதச் சொல்றேன்.

— நிஜம்தான் சொன்னேனே! என் நாற்காலியில நான் உக்காந்திருந்தேன். என் விரலால நான் அழுத்தினேன்.

— கடைசித் தடவையா கேக்குறேன், வெண்டல் ஸ்ட்ரேக்.

— கடைசித் தடவையா சொல்றேன். மனசைத் தொட்டு. அந்த நிமிஷம் நான் சபையிலதான் இருந்தேன்.

— சரி. எமில், கண்ணாடியைப் போட்டுக்க, நீயும் பாரு. இது சட்டசபைக் குறிப்பு: ஏப்ரல் இருபத்தொண்ணு, மதியம் ரெண்டு நாற்பது, ஸ்ட்ரேக், பச்சை. இது என் வீட்டுக்காரர் ஹார்லனை அடக்கம் பண்ணப்ப நம்ம ஊர் சர்ச்சுல குடுத்த அட்டை: அதே ஏப்ரல் இருபத்தொண்ணு, மதியம் ரெண்டரை. சவப்பெட்டி தூக்குன ஆறு பேரோட பேரும் கீழ இருக்கு, மிஸ்டர் ஸ்ட்ரேக். முதல் பேரைச் சத்தமா வாசிங்க.