படங்கு முடிச்சு

டிரை சூட் போட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறவனுக்கு இடுப்பு பெல்ட் சரிப்பட்டு வராது ஐயா. உடம்பை நனையவிடாத அந்த உடைக்குள் காற்று நிற்கும். காற்று ஆளை மேலே தூக்கும். அதை அமுக்கத்தான் ஈயக்கட்டிகள் கட்டுகிறோம். பெல்ட்டில் கோத்தால் அந்த வழுவழுப்பில் சறுக்கிக்கொண்டே இருக்கும், முதுகும் விட்டுப்போகும். தோளில் மாட்டும் வார்தான் நல்லது. ஆபத்தென்றால் பக்கத்துப் பிடியை இழுத்தால் போதும், ஈயம் மொத்தமும் கழன்று விழுந்துவிடும். யார் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவேன்.

லோஜனும் என்னைத்தான் கேட்டான்.

தலவாக்கலைப் பக்கத்து நீர்த்தேக்கமொன்றில் மதகுக் கம்பிகளை அடைக்கிற குப்பையை எடுப்பது எங்கள் இருவரின் வேலை. ஒரே தோட்டத்து லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள், திருகோணமலைக்கு ஒன்றாகப் போய்த் தொழில் பழகியவர்கள். என் காதுச் சவ்வு கிழிந்த பிறகு அவன் இறங்குவான், நான் கரையில் கயிறு பிடிப்பேன். ஒரு முனை அவன் மார்பில், மறுமுனை என் கையில். ஒரு தடவை சுண்டினால் நலம். விடாமல் சுண்டினால் தூக்கு.

கட்டாரில் வேலை கிடைத்துவிட்டதென்று பீலித் தண்ணீரில் குளிக்கும்போது சொன்னான், அதுவும் சிரித்துக்கொண்டே. காது போனவனை யார் எடுப்பார்கள்? எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்? போகாதேடா என்று அழுதே கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

"பைத்தியமா மச்சான்? போய் உன்னையும் கூப்புடுறேன்" என்றான்.

போனவர்கள் யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்? நான் என்னதான் செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக இறங்கிய அன்று தோள்வாரைக் கேட்டான். பிடி இறுகிக் கிடக்கிறது, பெல்ட்டையே கட்டு என்றேன். பிடியில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இரண்டு கம்பளி போட்டிருக்கிறாய், கூடுதல் ஈயம் வேண்டும் என்றும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் நான் கோத்த அளவுக்கு வேண்டியதில்லை.

பெல்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. அவனுடைய அம்மா வீரம்மா மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், மகனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். அவன் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"என் படங்கு காலையில கட்டுனா பொழுது சாயுற வரைக்கும் எறங்காது. இங்கிட்டு வாடா."

கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்குதான் படங்கு. அதைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மகனின் இடுப்பைச் சுற்றினார்.

"பெல்ட்டு பக்கிளுக்கு மேலயே இறுக்கிக் கட்டுங்கம்மா, அங்கதான் நழுவுது" என்றேன்.

லோஜன் என்னைப் பார்த்தான். "அதுமேல கட்டுனா அவசரத்துக்குக் கழட்ட முடியாதே மச்சான்."

"கயிறு என் கையில இருக்கு. அப்புறம் என்ன?"

"அதுவும் சரிதான்" என்று இறங்கினான். கங்காணி சத்தம் போட, வீரம்மாவும் மலையேறிவிட்டார்.

அடியில் மலைமண் வந்து படிந்த சேறு இருப்பது எனக்குத் தெரியும். அவ்வளவு பாரத்தோடு போனால் கால் புதையும். புதைந்துவிட்டால் உடைக்குள் எவ்வளவு காற்றை ஏற்றினாலும் எழும்ப முடியாது. தடித்த கையுறையோடு அந்த முடிச்சை அவிழ்க்கவும் முடியாது. ஒருமுறை பயந்துபோனால் கட்டார் ஆசை விட்டுவிடும் என்று மட்டும்தான் நினைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

முடிச்சைக் கத்தியால் அறுத்துத்தான் அவன் உடம்பிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து வீரம்மா வேலைக்குப் போவதில்லை. "என் கையாலயே கட்டிவிட்டுட்டேனே" என்று விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பழியை அவர்மேல் விட எனக்கு மனம் வரவில்லை. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை ஐயா, நானாகத்தான் வந்தேன். அவர் கட்டிய முடிச்சு யாரையும் கொல்லவில்லை. அவன் கூப்பிட்டபோது நான் தூக்கியிருந்தால், அன்று மாலை அதே முடிச்சை அவரே சிரித்துக்கொண்டு அவிழ்த்திருப்பார்.

அவன் கூப்பிட்டான். முதலில் ஒழுங்காகச் சுண்டினான். பிறகு ஒழுங்கில்லாமல். பக்கத்திலேயே கயிற்றைச் சுற்றித் தூக்கும் சில்லு இருந்தது, சுற்றினால் வந்திருப்பான். ஆனால் கட்டார் பேச்சு வந்ததிலிருந்து அவன் என்னை ஒன்றுக்கும் கூப்பிட்டதில்லை. இப்போது விடாமல் கூப்பிடுகிறான். அதைக் கையில் உணர்ந்துகொண்டு அப்படியே நின்றேன், கயிறு அடங்குகிற வரைக்கும்.

ஒன்றை மட்டும் வீரம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கை காந்தியது, தோல் உரிந்தது, ஆனாலும் கடைசிவரை நான் அவனை விடவில்லை.