ரெண்டு செயின் வண்டி

– அண்ணா! வியாகுலம் அண்ணா! எங்க இருக்கீங்க? உசுரோட இருக்கீங்களா?

– இருக்கறன் அன்பு. தக்காளிக்குள்ள இருக்கறன். மேல செவப்பா இருக்கறது ரத்தமில்ல, தக்காளி. மேரி ஓடி வந்துக்கிட்டு இருப்பா, மொதல்ல அவகிட்ட அதைச் சொல்லு.

– மாதாவே! ஏங்க! நெஞ்சு வலிக்குதா? தோள்பட்டை இழுக்குதா? வேர்க்குதா?

– சித்திரை மாச வெயிலு, வேர்க்காம என்ன பண்ணும்? நெஞ்சு நல்லாத்தான் இருக்குது மேரி. முழங்கைதான் எரியுது. அதாகப்பட்டது, அன்பு, உன் சைக்கிள் திருவிழா வரவேற்பு பிளக்ஸுல ஒரு ஓட்டை விழுந்துடுச்சு. சரியா உன் போட்டோ இருந்த எடம். நல்லவேளை, நீ உள்ள இல்ல.

– பிளக்ஸ் கெடக்குதுண்ணா. எடது பக்கம் திருப்புங்க, எடது பக்கம் திருப்புங்கன்னு அவ்வளவு கத்தினேனே, ஏன் வலது பக்கம் வந்தீங்க?

– நான் எடதுலதான் திருப்புனன். வண்டிதான் வலதுல வந்துச்சு. இன்னும் நல்லா திருப்புனன். இன்னும் நல்லா வந்துச்சு.

– ஆக்சுவலா அது எப்படிண்ணா?

– பன்னெண்டு நாளா வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டே வெல்டு வச்சேன் பாரு. கீழ இருந்து பாக்கறப்ப எடதும் வலதும் மாறிப்போச்சு. ஸ்டியரிங் கம்பியை எதிர்ப்பக்கம் ஒட்டித் தொலைச்சுட்டன்.

– முப்பது வருசமா மொரப்பூர்ல கேட்டும் கிரில்லும் செஞ்ச ஆளு பேசற பேச்சைப் பாரு தம்பி.

– கேட்டுக்கு ஏது மேரி எடது வலது? இந்தப் பக்கம் தொறக்கலன்னா அந்தப் பக்கமா தொறந்துக்கலாம்.

– அண்ணா, தோட்டத்துக்கார ராமக்கா வர்றாங்க. கையில அருவா இருக்குது.

– என்னைத் தூக்கி உடு சீக்கிரம். இல்ல, வேணாம். படுத்தே இருக்கறன். அடிபட்டவன்னு எரக்கம் வரும்.

*

– என்னங்க சொல்லுச்சு அந்தம்மா?

– நசுங்கினது நாப்பது செடியாம். அதுக்குப் பதிலு நாளைக்குப் பந்தயம் முடிஞ்சதும் அந்தம்மாவை இந்த வண்டியில ஒக்கார வச்சு ரெண்டு ரவுண்டு ஓட்டணுமாம். ஸ்டியரிங்கைச் சரி பண்ணிட்டு.

– நாளைக்கு ஏது பந்தயம்? இப்பவே வூட்டுக்குப் போறோம். தம்பி, இவரு பேரை அடிச்சுருங்க.

– அக்கா, கொஞ்சம் பொறுங்க. இன்னைக்கு சனிக்கெழமை, வெறும் பழக்க ஓட்டந்தான். பழக்கத்துல விழறதுக்கு ரூல்ஸ்ல தடையே இல்ல.

– உங்க ரூல்ஸை நீங்களே வச்சுக்குங்க. எட்டு மாசம் முன்னாடி இந்த மனுசனை ஆஸ்பத்திரியில மூணு நாளு கண்ணாடி வழியாப் பாத்தவ நானு. இருதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்குது. தெரியுமில்ல?

– தெரியும்க்கா.

– தெரிஞ்சுக்கிட்டேதான் இந்தப் பைத்தியத்தைப் புடிச்சு உட்டீங்க. சும்மா கெடந்தவரு. நீங்க பாட்டுக்கு எங்க பட்டறை முன்னாடி மல்லாக்கப் படுத்துக்கிட்டு சைக்கிள் மிதிச்சுட்டுப் போனீங்க. பாடை தானா போவுதுன்னு நான் சிலுவை போட்டுக்கிட்டன். இவரு பின்னாடியே ஓடுனாரு.

– ஓடல மேரி. வேகமா நடந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னாரில்ல?

– அக்கா, இதுல முதுகு சாஞ்சுதான் இருக்கும். மூணு சக்கரம், கவுறாது. டாக்டரே சைக்கிள் ஓட்டலாம்னுதானே சொன்னாரு?

– ஓட்டலாம், ஆனா மூச்சு முட்ட மிதிக்கக்கூடாதுன்னாரு. பேசிக்கிட்டே மிதிக்க முடியற வரைக்கும்தான் இருதயத்துக்குச் சரி, பேச்சு நின்னா உடனே நிறுத்தணும்னாரு. நான் பாத்துக்கறன் டாக்டர்னு அவரு முன்னாடி வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கறன்.

– எனக்குப் பேச்சு நிக்கிறதா! என் சாவுக்கு வர்றவங்ககிட்டகூட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் பொட்டியில படுப்பன்.

– வாயைக் கழுவுங்க.

– சரி, சரி. மேரி, நான் சொல்றதைக் கேளு. அன்பு, நீயும் கேளு, நீ சாட்சி. எட்டு மாசமா என்னைத் தண்ணிக் குடத்தைத் தொட உட்டாளா? இல்ல. பட்டறையில பசங்க ஒரு கம்பியைத் தூக்க உடறாங்களா? இல்ல. பைபாஸ்ல பக்கத்து வூட்டு அமாவாசையோட வண்டி பஞ்சரு, தள்ளப் போனேன். அண்ணா, நீங்க சும்மா கை வச்சுக்கங்கன்றான். நானும் கை வச்சேன். வண்டி போச்சு. நான் தள்ளித்தான் போச்சான்னு கேட்டேன். ஆமாம்னு சொல்லி எல்லாரும் சிரிக்கறாங்க. ஊரே சேந்து எனக்குப் பொய் சொல்லுது.

– உங்க மேல பாசந்தாண்ணா.

– பாசந்தான். அதை வச்சுக்கிட்டு ஒரு மனுசன் எவ்வளவு நாளு கண்ணாடிப் பாத்திரமா ஒக்காந்திருப்பான்? எனக்குள்ள வச்ச கம்பி வேலை செய்யுதா இல்லையான்னு எனக்குத் தெரிய வேணாமா? நான் வெல்டு வச்ச கம்பியை நான் தட்டிப் பாத்துதான் குடுப்பேன். இதைத் தட்டிப் பாக்க வேற வழி தெரியல.

– முழங்கையைக் காட்டுங்க, மண்ணைத் தொடைச்சு உடறன்.

– முழங்கை கெடக்குது மேரி. நான் சொன்னதுக்கு என்னா சொல்ற?

– ரெண்டு பேரு ஓட்டற வண்டின்னு சொன்னீங்க. நான் பின்னாடி ஒக்காருவன்.

– அதுக்குத்தானே ரெண்டு பிளாஸ்டிக் சேரைக் காலு வெட்டி மாட்டியிருக்கறன்!

– இருங்க, முடிக்கல. பின் பிரேக்கு என் கையில. நீங்க பேசிக்கிட்டே வரணும். பத்து நொடி பேச்சு நின்னுச்சு, பிரேக்கைப் புடிச்சுடுவன். அப்புறம் நான் மிதிக்கறதுதான் முக்கா பங்கு. நீங்க சும்மா காலைச் சுத்தணும்.

– அக்கா, அது ஆக்சுவலா நல்ல ஐடியா. அண்ணன் வண்டியில ஆளுக்கொரு செயின், தனித்தனி. ஒருத்தர் மிதிக்காட்டியும் இன்னொருத்தர் மிதியில வண்டி போவும்.

– அதாகப்பட்டது, நான் முன்னாடி ஒக்காந்து ரோட்டைப் பாப்பன். பின்னாடி நீ மிதிக்கறியா, முந்திரி திங்கறியான்னு எனக்குத் தெரியாது.

– தெரிய வேணாம்.

*

– அன்பார்ந்த சுற்றுவட்டாரப் பொதுமக்களே! நமது சாய்வு சைக்கிள் திருவிழாவின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை நிறைவுப் போட்டி இதோ தொடங்கவிருக்கிறது. இருவர் ஓட்டும் மூன்று சக்கர வண்டிகள், மொத்தம் ஆறு சுற்று! இந்த மனைப்பிரிவில் இன்னும் ஒரு வீடுகூட எழும்பவில்லை. ஆனால் ரோடு மட்டும் முழுதாக இருக்கிறது. ஆகவே யாரும் ரோட்டில் நிற்க வேண்டாம்! தக்காளித் தோட்டத்து வேலியோரம் நிற்பவர்கள் குறிப்பாகக் கவனிக்கவும்! தயார்... போகலாம்!

– கேட்டியா மேரி? தக்காளித் தோட்டத்தை அன்பு மைக்குல சொல்லிட்டான். மானம் போச்சு.

– முன்னாடி பாருங்க. திருப்பம் வருது.

– எடது பக்கம் திருப்பறன். எடது பக்கம் போவுது! நான் ஒரு விஞ்ஞானி! மிதிக்கறியா?

– வண்டி போவுதில்ல?

– அது பதிலா? வண்டி எறக்கத்துலயும் போவும்.

– பேசுங்க, பேசிக்கிட்டே வாங்க. பெங்களூர்க்காரங்க தாண்டிட்டாங்க பாருங்க.

– தாண்டட்டும். அந்த மஞ்ச வண்டி ஒத்தைக் கையில தூக்கலாம், அவ்வளவு லேசாம். நம்ம வண்டி கல்யாண மண்டபத்து கேட்டுல மிச்சமான பைப்பு. கனமா இருந்தாத்தான் மரியாதை. பின்னாடி யாரு வர்றா?

– சேலத்துப் புருசன் பொஞ்சாதி. அந்தம்மா நம்மளைப் பாத்துக் கை ஆட்டுது.

– நீயும் ஆட்டு. பிரேக்கை உட்டுட்டு ஆட்டாத. ரெண்டாவது ரவுண்டு மேரி! ராமக்கா வேலி மேல ஏறி நிக்குது பாரு, கையில அருவா இல்ல, குச்சி ஐஸு.

– ஸ்ஸ்... ஆ...

– என்னா? என்னாச்சு?

– ஒண்ணுமில்ல. வாய்க்குள்ள பூச்சி.

– வாயை மூடிக்கிட்டு வா. இல்ல, நான்தான் தொறந்து வச்சுக்கணும், உனக்கு அவசியமில்ல. மேரி, மிதிக்கறியா?

– உங்க பேச்சை உடாதீங்க. சேலத்துக்காரங்களும் தாண்டிட்டாங்க.

– கேட்டதுக்குப் பதில் இல்ல. சரி, பேசறன். உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப கோயில் கிணத்துல தண்ணி சேந்திக்கிட்டு இருந்த. நான் வாங்கிச் சேந்திக் குடுத்தேன். நாலு குடம். பையன் நல்ல பலசாலின்னு உங்கப்பா ஒத்துக்கிட்டாரு. ஞாபகம் இருக்குதா?

– மூணு குடம்.

– நாலாவதை உங்கம்மாகிட்ட குடுத்தேன். இப்ப என்னைக் குடத்தைத் தொட உடமாட்டேன்ற. மூணாவது ரவுண்டு முடிஞ்சுது பாத்தியா? இந்த மேட்டுல பாரு, மொதல்ல நம்ம வண்டி நின்னு நின்னு போச்சு, இப்ப ஏறுது. அந்தப் பெங்களூர்ப் பய திரும்பிப் பாக்கறான்! தம்பி, வணக்கம்! நாங்க மொரப்பூரு! ரயில் நிக்கிற ஊரு! ஒரு நாளைக்கு வாங்க!

– ஏங்க, மூச்சு?

– மூச்சு இருக்குது. ரெண்டு பேருக்கும் பங்கு வைக்கிற அளவுக்கு இருக்குது. மேரி, என்னமோ இன்னைக்குக் காத்து மல்லிப்பூ வாசமா வீசுது.

– அது என் தலை.

– ஓ. அப்ப காத்து பின்னாடி இருந்து வீசுது. அதான் வண்டி போவுது.

*

– அண்ணா! அக்கா! ரெண்டாவது எடம்! கடைசி திருப்பத்துல சேலத்துக்காரங்களை எப்படிண்ணா உள்பக்கமா புகுந்து தாண்டுனீங்க? கூட்டம் விசில் அடிச்சதுல என் மைக்கே கேக்கல!

– மூணு வண்டியில ரெண்டாவது, அன்பு. அதாகப்பட்டது, கடைசிக்கு முந்தின எடம்.

– அது எடம்தான்ணா. பெங்களூர் வண்டிக்கும் உங்களுக்கும் பத்தொம்பது நொடிதான் வித்தியாசம். கொஞ்சம் தண்ணி குடிங்க. அக்கா, நீங்க ஏன் எறங்காம இருக்கீங்க?

– இருக்கட்டும் தம்பி, நல்லா காத்தா இருக்குது. அப்புறமா எறங்கறன். அவரு கை நாடியைக் கொஞ்சம் பாருங்க.

– அண்ணன் கையில கட்டின வாட்ச்சுலயே நாடித் துடிப்பைப் பாத்துட்டேன்க்கா. ஒண்ணும் பயமில்ல, எறங்கிக்கிட்டே இருக்குது. அண்ணா, இன்னொன்னு. ரவுண்டு ரவுண்டா டைம் எழுதியிருக்கேன். முதல் ரெண்டு ரவுண்டு ஒவ்வொண்ணும் மூணே கால் நிமிசம். மூணாவதுல இருந்து பாருங்க, மூணு, மூணு, ரெண்டே முக்கா, ரெண்டே முக்கா. போகப் போக வேகமாயிட்டீங்க. எல்லாருக்கும் தலைகீழாதான் நடக்கும். நான் கோப்பையை எடுத்துட்டு வர்றேன், இங்கயே இருங்க.

– மேரி.

– ம்.

– கேட்டியா? போகப் போக வேகம். அப்ப விசயம் புரிஞ்சுடுச்சு. மூணாவது ரவுண்டுல இருந்து நீ பொறுப்பை எடுத்துக்கிட்ட. எனக்குத் தெரியாம என்னை இழுத்துக்கிட்டு வந்திருக்கற. அமாவாசை வண்டியில கை வச்ச மாதிரி நானும் சும்மா காலை வச்சுக்கிட்டு வந்திருக்கறன்.

– அப்படின்னு நான் சொன்னனா?

– நீ எதையுந்தான் சொல்லலையே! ஆறு ரவுண்டுல பதினாறு தரம் கேட்டேன். வண்டி போவுதில்ல, பேச்சை உடாதீங்க, அது என் தலை. இதான் பதில். மேரி, எனக்குக் கோவமில்ல. சிரிச்சுக்கிட்டுத்தான் கேக்கறன், ஆனா வெளையாட்டுக்குக் கேக்கல. ஒரு தரம், ஒரே ஒரு தரம், நேராச் சொல்லு. நீதான் இழுத்தன்னா, சரி, நாளையிலிருந்து குடத்தைத் தொடமாட்டன், கம்பியைத் தொடமாட்டன், சொன்ன எடத்துல ஒக்காந்துக்கறன். எனக்குத் தெரிஞ்சாப் போதும்.

– டாக்டர்கிட்ட சொல்லமாட்டீங்களே?

– என்னாத்தை?

– சொல்லமாட்டன்னு சொல்லுங்க மொதல்ல. அவருகிட்ட நான் வாக்குக் குடுத்திருக்கறன்.

– சொல்லமாட்டன். மாதா மேல சத்தியம்.

– ரெண்டாவது ரவுண்டுல எனக்குக் கெண்டைக்கால் புடிச்சுக்கிச்சு. பூச்சியுமில்ல, ஒண்ணுமில்ல. உசுரு போற வலி. பிரேக்கைப் புடிச்சுடலாம்னு கை போச்சு. நீங்க கெணத்துக் குடத்தைப் பத்திப் பேசிக்கிட்டே மேட்டுல ஏத்திக்கிட்டு இருந்தீங்க. கையை எடுத்துட்டன். அதுக்கப்புறம் காலைச் சட்டத்து மேல தூக்கிப் போட்டவதான். இன்னும் எறக்க முடியல, அதான் ஒக்காந்திருக்கறன். மிச்ச நாலு ரவுண்டும் நான் ஒரு மிதிகூட மிதிக்கலைங்க.