இருமல் இருக்கும் மண்டபம்

அரியாலையில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்கு முன்னால் நின்ற நரைமீசைக்காரர், தனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் சொன்னார்:

“அந்தப் பழைய நாடக மண்டபத்தை இடிக்க விடமாட்டன், தங்கச்சி. அதுக்குள்ளை என்ரை அப்பாவின்ரை இருமல் இருக்கு.”

“இருமலோ?”

“ஓம். அந்தக் காலத்திலை எதிரொலி வராமல் சுவரெல்லாம் பாய் தொங்கவிட்டு, அங்கை வைச்சுத்தான் எங்கடை ஊரின்ரை முதல் இசைத்தட்டுக்குப் பாடினவை. பாட்டுக்கு நடுவிலை ஒரு இருமல் கேக்கும். அது அப்பா.”

“சும்மா இருங்கோ அண்ணை. அது எங்கடை அப்பப்பா. சுருட்டு இருமல்.”

“அவர் மத்தளமெல்லோ அடிச்சவர்?”

“கைதானே அடிச்சது. வாய் சும்மாதானே இருந்தது!”

வரிசை நகர்ந்தது. இவர்கள் நகரவில்லை.

“செல்லடிக்குப் பதுங்கிற பங்கருக்கு மரம் வேணுமெண்டு மண்டபக்காரர் கூரையைக் கழட்டப்போறாராம்,” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

அவர் மீசையைத் தடவினார்.

“அப்ப என்னிலை ஒரு வழக்குப் போடும். இருமல் ஆரின்ரையெண்டு தீருமட்டும் ஒருத்தரும் அந்தக் கூரையிலை கை வைக்கேலாது.”

“எங்கடை ஊரிலை எந்த வழக்கு அண்ணை தீர்ந்தது?”

“அதுக்குத்தானே சொல்லுறன்.”