ஹில்டாவின் இரண்டு கரண்டி சர்க்கரை

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம், நன்றி. யுத்தம் வந்ததும் விட்டுவிட்டேன். ரேஷனில் வருவது முழுவதும் ஆய்வுக்கூடத்துக்கே போய்விடும்.

பூஞ்சை வளர்த்த நீரிலிருந்து நான் ஒரு மஞ்சள் பொடி எடுத்தேன். கிருமி வளர்க்கும் தட்டில் அதைக் கரைத்து ஒரு துளி விட்டால் சுற்றிலும் கிருமிகளைத் துடைத்துவிட்டதுபோல் ஆகும். பென்சிலினைவிட வீரியமான மருந்து என்று லண்டனுக்கு எழுதினேன். ஊர்ப் பத்திரிகையில் என் படம்கூட வந்தது.

பிப்ரவரியில் சர்க்கரை தீர்ந்து, தட்டுகளில் கிருமிக்கு இரையாகும் கூழை அது இல்லாமல் வார்த்தோம். பொடியை விட்டும் கிருமிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அன்றே புரிந்துவிட்டது. பொடி சர்க்கரையைத் தின்று, பெண்கள் தலைமுடி வெளுக்கப் பூசும் பெராக்சைடை உண்டாக்குகிறது, கொல்வது அதுதான். மூன்று எலிகளுக்கு ஊசி போட்டேன். மூச்சுத் திணறிச் செத்தன. நோட்டில் ‘நலம்’ என்று எழுதினேன். லண்டன்காரர்கள் மருந்தைப் பார்க்க வருவதாக இருந்தது.

குடுவை கழுவும் ஹில்டா ஸ்ப்ராஸ்டன், நான் வெறும் டீ குடிப்பதைப் பார்த்து, தன் வீட்டு ரேஷன் பங்கிலிருந்து ஒரு பொட்டலம் சர்க்கரை கொண்டுவந்தாள்.

“மூஞ்சியப் பாருங்க, ஊறுகா ஜாடி மாதிரி. இதப் போட்டுக் குடிச்சாலாவது சிரிப்பு வருதான்னு பாப்போம்.”

அதைத் தட்டுகளில் போட்டேன். அவற்றைப் பார்த்த லண்டன்காரர்கள் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் உடைந்த குடுவை அவள் விரலைக் கிழித்தது. சீழ் வைத்து, தோள்வரை கை வீங்கியது. அவளைப் பார்த்த டாக்டர் ஃபேர்கிளஃப் என்னிடம் வந்தார்.

“உன் பொடி தயாரா, லேதம்? இல்லேன்னா சொல்லிடு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஃபோன் போட்டா ஒரு ஆளுக்காவது பென்சிலின் குடுப்பாங்க.”

தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது. எடுத்தால், உங்கள் மருந்துக்கு என்ன ஆயிற்று என்று ஆக்ஸ்ஃபோர்டில் கேட்பார்களே.

“தயார்தான்” என்றேன்.

ஹில்டா நடுங்கிக்கொண்டிருந்தாள். “ஊசின்னாலே எனக்கு உசுரு போயிடும் சார். நீங்க செஞ்சதுங்கிறதாலதான் கைய நீட்டுறேன்.”

அவளுக்கு முதலில் டீ கொடுக்கச் சொன்னேன், இரண்டு கரண்டி சர்க்கரையோடு. சர்க்கரை இருந்தால்தானே பொடி வேலை செய்யும். எதையும் முறையாகச் செய்வது என் பழக்கம்.

“என் சர்க்கரதானே இது?” என்று சிரித்தாள்.

ஊசி போட்ட சிறிது நேரத்தில் அவள் உதடு நீலமானது. என் கையைத் தேடினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலிகளுக்கு நான்கு நிமிடம் ஆனது. அவளுக்குப் பதினொன்று.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் பிறகு அவள் இரத்தத்தை எடுத்து, பொட்டலத்தில் மீதமிருந்த சர்க்கரையைப் போட்டு வார்த்த தட்டில் பரப்பிப் பார்த்தேன். ஒரு கிருமிகூட வளரவில்லை. மருந்து வேலை செய்திருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.